கண்ணகி என்று பெயர் வைப்பது

பாலக்காடு நகரத்து மூத்தாந்தறையில் கர்ணகியம்மன் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அந்தப் பகுதியின் காவல் தெய்வமும் கர்ணகியம்மன்தான். அங்கிருந்து தெற்கே வால்பாறை, மறையூர், மூணாறு, நெடுங்கண்டம் என்று மலைகளைத் தாண்டிப் போனால் இடுக்கி மாவட்டத்தின் குமுளி வரும். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,300 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், கருங்கல்லால் கட்டிச் சிதைந்த மங்கலதேவி கண்ணகி கோட்டம் நிற்கிறது. கேரளத்தின் கிழக்கு எல்லை நெடுகிலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்கள்தான். அந்த எல்லையில், பாலக்காட்டிலும் குமுளியிலும், இப்படி ஒரே பெண்ணின் பெயர் கோயிலாக இருக்கிறது.

கோயிலுக்கு வைத்த அந்தப் பெயரை வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு வைத்தார்களா? இந்த எல்லை ஊர்களின் பாட்டிமார் பெயர்களை எடுத்துப் பாருங்கள். மாரியம்மா, காளியம்மா, பேச்சியம்மா, முத்தம்மா, வள்ளி, மீனாட்சி என்று வரிசை போகும். கல்பாத்தி அக்ரகாரத்தில் விசாலாட்சியும் அலமேலுவும் பர்வதமும் இருப்பார்கள். அட்டப்பாடி இருளர் ஊர்களில் நஞ்சியும் மருதியும் இருப்பார்கள். கண்ணகியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படி ஒருவர் அகப்பட்டால் அவர் பெரும்பாலும் 1950க்குப் பிறகு பிறந்தவராக இருப்பார். இவ்வளவு புகழ் பெற்ற ஒரு பெயர் இவ்வளவு காலம் தொட்டிலுக்கு வராமல் இருந்தது ஏன், பிறகு எப்படி வந்தது என்பதே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

முதலில் பொருள். கண் என்ற சொல்லோடு நகு என்ற வினையைச் சேர்த்து, கண்ணால் நகுபவள், சிரிக்கும் கண்ணுடையவள் என்று சொல்வது பரவலான விளக்கம். நகுதல் என்பதற்குச் சிரித்தல் என்றும் ஒளிர்தல் என்றும் பொருள் உண்டு. புணர்ச்சி விதியும் இடம் கொடுக்கிறது: கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவது போலவே கண்ணும் நகியும் சேர்ந்து கண்ணகி ஆகும். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். பாலக்காட்டில் வழங்கும் கர்ணகி என்ற வடிவத்தைக் கொண்டு, கர்ணம் என்ற வடசொல்லிலிருந்து பொருள் தேடுவோரும் உண்டு. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன். பெயர்ப் புத்தகங்களில் கண்ணகிக்கு நேரே "கற்புக்கரசி" என்று போட்டிருப்பார்கள். அது காப்பியம் படித்தவர்கள் அவளுக்குக் கொடுத்த பட்டம். பெயரின் பொருள் அதுவன்று.

கண்ணகி என்றவுடன் சிலப்பதிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் இலக்கியத்தில் இன்னொரு கண்ணகியும் இருக்கிறாள். அவள் பூம்புகார்க்காரி இல்லை. இந்த எல்லையை ஒட்டிய மலைநாட்டுக்காரி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் மனைவி அவள். பேகனின் முழுப் பெயர் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடித் தலைவன். அவன் மலை பொதினி, இன்றைய பழனி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே இறங்கினால் பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று வழி போகிறது. பழனி மலைத்தொடரோ மேற்கே நீண்டு மறையூர், சின்னாறு பக்கத்தில் இடுக்கி மலைகளோடு சேர்கிறது. ஆக, பெயரின் முதல் உரிமைக்காரி இந்த வட்டாரத்துப் பெண்.

பேகன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டில் தங்கிவிட்டான். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகள் இதைப் பற்றியவை. பாடியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை: கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். புலவர்கள் வள்ளலிடம் போனால் யானையும் பொன்னும் கேட்பார்கள். இவர்கள் நால்வரும் அது எதுவும் வேண்டாம் என்றார்கள். உன் வாசலில் ஒரு பெண் அழுகையை நிறுத்த முடியாமல் நிற்பதைக் கண்டேன், அவள் யார் என்று ஒருவர் கேட்கிறார். இன்றிரவே தேரைப் பூட்டி அவள் வீட்டுக்குப் போ, அதுதான் எனக்கு நீ கொடுக்கும் பரிசில் என்கிறார் இன்னொருவர். எண்ணெய் காணாத அவள் கூந்தல் மறுபடி பூச்சூடட்டும் என்கிறார் மற்றொருவர். ஒரு பெண்ணின் துயரத்துக்காகத் தமிழின் பெரும் புலவர்கள் நால்வர் மன்னன் முன் போய் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் பெயரை ஆராய்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பாட்டுகளுக்குள் அவள் பெயர் வருவதில்லை. பாட்டின் அடியில் உள்ள குறிப்புதான் அவளைக் கண்ணகி என்கிறது. அழுதது அவள், பேசியது புலவர்கள்.

அவள் பேகனின் கண்ணகி, இவள் கோவலனின் கண்ணகி. இருவரையும் கணவன் விட்டுப் பிரிந்தான். இரண்டு கதைக்கும் உறவு உண்டா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். நற்றிணை 216ஆம் பாட்டில் ஒரு மார்பை அறுத்த திருமாவுண்ணி என்ற பெண் வேங்கை மர நிழலோடு சேர்ந்து வருகிறாள். இவை எல்லாம் ஒரே கதையின் துண்டுகளா, தனித்தனிக் கதைகளா என்பதை நான் தீர்க்கப் போவதில்லை. என் கவனம் வேறிடத்தில். மலைநாட்டுக் கண்ணகிக்காக நான்கு புலவர்கள் பேச வேண்டியிருந்தது. கோவலனைச் சிலம்பு திருடியவன் என்று பாண்டியன் கொன்றுவிட, புகார்க் கண்ணகி மதுரை அரசவைக்குத் தானே போனாள். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் இருப்பது முத்துப் பரல் என்ற ஒரே சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள், உடைத்துக் காட்டினாள், வென்றாள். இந்த மாற்றம்தான் பெயருக்கு உயிர் கொடுத்தது.

வென்ற பிறகு அவள் வந்த இடம் மறுபடி இந்த மலைதான். கணவனோடு கிழக்கு வாசல் வழியாக மதுரைக்குள் வந்தவள், தனியாக மேற்கு வாசல் வழியாக வெளியேறுகிறாள். போகும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் கைவளைகளை உடைத்துவிட்டுப் போகிறாள். வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலை ஏறி, பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். அங்கே கோவலன் வானோரோடு வந்து அவளை அழைத்துப் போகிறான். இதைக் கண்ணால் கண்டவர்கள் மலைக் குறவர்கள். சேரன் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருந்தபோது அவர்கள்தான் போய்ச் சொன்னார்கள். இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கோயில் எடுத்த கதை எல்லாம் அந்தச் சாட்சியத்திலிருந்து கிளம்பியது.

அந்த மலை எது? சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் திருச்செங்கோட்டைச் சொன்னார். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் காப்பியம் சொன்ன வழியைப் பின்பற்றி நடந்து, 1963இல் மங்கலதேவிக் கோயிலே கண்ணகி கோட்டம் என்று நிறுவினார். வைகையை ஒட்டி மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கும் சுருளி மலையும்தான் வரும் என்பது அவர் பக்கத்து வலுவான வாதம். காப்பியத்தின் கடைசிக் காதையில் மங்கல மடந்தை கோட்டம் என்று ஒன்று வருவதும் மலையின் பெயரோடு ஒத்துப் போகிறது. திருச்செங்கோட்டுக்காரர்கள் இன்னும் ஒப்பவில்லை. பெயரின் வரலாற்றைப் பார்க்கிற எனக்கு மலையின் பெயரே போதும்.

அந்தப் பெயரில்தான் என் கேள்விக்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். அதற்கு முன், பெயர் வைக்கத் தயங்கியதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். கண்ணகி கோபக்காரி, ஊரை எரித்தவள், அந்தப் பெயரை வைத்தால் பெண் அடங்காதவளாக வளர்வாள் என்பார்கள். "நீ என்ன பெரிய கண்ணகியா?" என்ற ஏச்சும் வழக்கில் இருக்கிறது. ஆனால் கோபம்தான் காரணம் என்றால் காளியம்மாள் எப்படி வந்தாள்? அம்மை போடுகிற மாரி எப்படி வீட்டுக்கு வீடு வந்தாள்? பேச்சியும் இசக்கியும் பச்சைக் குழந்தையைப் பறிக்கும் தெய்வங்கள் என்ற பயம் இருந்தும், அந்தப் பயத்தாலேயே அவர்கள் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்கள். தமிழர்கள் தெய்வத்தின் கோபத்துக்கு அஞ்சிப் பெயரை ஒதுக்கியதில்லை. பயந்தால் பெயர் வைப்பார்கள்.

ஒதுக்கியது கைம்மைக்கு அஞ்சி. காளிக்கும் மாரிக்கும் தாலியறுத்த கதை பெயரோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. மீனாட்சிக்குச் சொக்கன் இருக்கிறான். கோமதிக்குச் சங்கரன் இருக்கிறான். கண்ணகிக்கு நடந்ததோ இரண்டு கேடுகள்: வாழும்போது கணவன் வேறு வீட்டுக்குப் போனான், திரும்பி வந்தபோது கொலையுண்டான். பெண்ணைப் பெற்றவர்களின் பெரிய பயங்கள் இரண்டுமே இந்தப் பெயருக்குள் இருக்கின்றன. அவளைக் கும்பிடலாம், அவள் கதையைக் கேட்டு அழலாம். பெண்ணின் தலையில் அந்தப் பெயரை எழுதத் துணியவில்லை. கதையின் மற்ற இரு பெண்கள் பெயரும் தயக்கமில்லாமல் புழங்கியதைப் பாருங்கள். மாதவி என்ற பெயர் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ வீடுகளில் உண்டு. குருக்கத்திக் கொடியின் பெயர் என்றும், மாதவனுக்குரியவள் என்றும் அதற்கு வேறு பொருள்கள் கைகொடுத்தன. மணிமேகலையும் வந்துவிட்டாள். கட்டிய மனைவியின் பெயர் மட்டும் வெளியே நின்றது.

இந்தப் பயம் சமவெளியின் பயம். மலையில் கதை வேறு மாதிரி முடிகிறது. மதுரைக்காரர்கள் கடைசியாகப் பார்த்தது வளையை உடைத்துவிட்டுப் போன கைம்பெண்ணை. மலைக்காரர்கள் பார்த்தது கணவனோடு சேர்ந்து போனவளை. அவர்களுக்கு அவள் மங்கலதேவி. கைம்பெண் என்று ஊர் முடிவு கட்டிய ஒருத்திக்கு மங்கலம் என்ற பெயரை வைத்தது இந்த மலை. இன்றைக்கும் சித்திரை முழுநிலவு நாளில் அங்கே போகிற பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் குங்குமமும் கிடைக்கின்றன. மதுரையின் மேற்கு வாசலில் உடைந்த வளையல் இந்த மலையில் திரும்பி வருகிறது. யாரும் திட்டமிட்டு அமைத்த சடங்கு என்று நான் நினைக்கவில்லை. கதையை அதன் கடைசி வரைக்கும் நினைவில் வைத்திருந்தவர்களின் வழிபாடு அது.

அந்த ஒரு நாள் திருவிழா எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் இரு மாநில எல்லையில் இருக்கிறது. யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பல பத்தாண்டுகளாகத் தீரவில்லை. அதனால் இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்பு ஏறும். கூடலூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் லோயர் கேம்ப்பை ஒட்டிய பளியங்குடி வழியாக ஆறேழு கிலோமீட்டர் நடந்து ஏறுவார்கள். காலையில் திறக்கும் பாதை மாலைக்குள் மூடிவிடும். வனத்துறைக்காரர்கள் பிளாஸ்டிக்கை விடமாட்டார்கள். கேரள முறையிலும் தமிழ் முறையிலும் பூசை நடக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெண் பிள்ளைகளோடு ஏறி இறங்குகின்றன.

இனி மலைமக்கள். இடுக்கியின் மன்னான் பழங்குடியினர் கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் தங்களுக்கென்று அரசர் ஒருவரை இன்றும் வைத்திருக்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். அவர்களுடைய கூத்து பாடுவது கோவலன் கண்ணகி கதையை. விளைச்சல் முடிந்து நடக்கும் காலாவூட்டுத் திருவிழாவில் அந்தக் கூத்து ஆடுகிறார்கள். அச்சிட்ட புத்தகம் எதுவும் அவர்களுக்கு அந்தக் கதையைக் கொடுக்கவில்லை. மூணாறு மலைகளின் முதுவர்களும் மதுரையை விட்டு வந்தவர்களாகவே தங்களைச் சொல்கிறார்கள். குன்றக் குறவர் சாட்சி சொன்னார்கள் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோ எழுதியதை வெறும் காப்பிய உத்தி என்று தள்ள முடியாதபடி, மலைக்காரர்கள் அந்தச் சாட்சியை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாலக்காட்டில் கதை வணிகர் வழியாக வந்தது. அங்குள்ள மூத்தான் சமூகத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் என்று நம்புகிறவர்கள். கணவாய் வழியாகச் சரக்கோடு வந்தவர்கள் தங்கள் தெய்வத்தையும் கொண்டுவந்தார்கள். மூத்தாந்தறைக் கர்ணகியும், பக்கத்து வடக்கந்தறையில் திருப்புராய்க்கல் பகவதியைக் கண்ணகியாகக் கருதும் மரபும் அந்தப் பயணத்தின் மிச்சம். புகார் வணிகருக்குக் கண்ணகி ஒரு தெய்வம் மட்டும் இல்லை. தங்கள் சாதிசனத்தில் பிறந்து, வெளியூரில் அநியாயத்துக்கு ஆளான பெண். வெளியூருக்கு வாணிபம் செய்யப் போகிற எந்தக் குடிக்கும் அவள் கதை நெஞ்சைச் சுடும். அந்நிய அரசன் ஊரில், சொந்த நகையை விற்கப் போனவனைத் திருடன் என்று வெட்டிவிட்டார்கள் என்பதைவிட வணிகனைப் பயமுறுத்தும் கதை வேறென்ன இருக்கிறது?

கர்ணகி என்ற வடிவத்துக்கு இப்போது வரலாம். உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் முழுமையாகப் பதிப்பித்தார். அதுவரை பொதுமக்கள் கையில் இருந்தது காப்பியம் இல்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கிய கோவலன் கதை. அம்மானைப் பாட்டாகவும் கூத்தாகவும் ஊர் ஊராகப் போன அந்தக் கதையில் நாயகி பெயர் கர்ணகி; காளியின் அவதாரம். பாலக்காட்டுக் கோயில் பெயர் அந்த வாய்மொழியோடு ஒத்திருக்கிறது. அதாவது, இளங்கோவின் ஏடு புலவர் வீட்டுப் பரணில் கிடந்த நூற்றாண்டுகளில், பாட்டுக்காரர்களும் கூத்தாடிகளும் வணிகர்களும் அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தார்கள். எழுத்துப் பிழை என்று திருத்த நினைப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பெயர் நடந்து வந்த வழி அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

கேரளத்தின் மற்ற இடங்களில் பெயர் தெய்வத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. கொடுங்கல்லூர் பகவதி கண்ணகியே என்ற மரபு வலுவானது. மீனமாத பரணிக்குப் பாலக்காட்டிலிருந்தும் மலபாரிலிருந்தும் வெளிச்சப்பாடுகள் என்ற சாமியாடிகள் சிவப்பு உடுத்து, வாளும் சிலம்பும் ஏந்தி அங்கே போகிறார்கள். ஆனால் அங்கே அவள் பெயர் பகவதி, குரும்பா. மலபாரின் பழைய தலைமுறையில் குரும்பா என்று பெயருள்ள பெண்கள் இருந்தார்கள். கண்ணகியை நேராக வைக்காத வீடுகளும் இந்தச் சுற்று வழியில் வைத்தன. திருவனந்தபுரத்து ஆற்றுகாலில் பொங்கலுக்குப் பத்து நாளும் தோற்றம்பாட்டாகப் பாடுவது கண்ணகி கதையைத்தான். பாண்டியன் கொல்லப்படும் இடம் பாடி முடிந்த பிறகே பொங்கல் அடுப்பு பற்றவைப்பார்கள். சித்தூர், ஆலத்தூர் வட்டங்களின் கண்ணியார்களி என்ற ஆட்டத்தின் பெயரையும் கண்ணகியோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. கதை இவ்வளவு பரவியும் பெயர் முகம் காட்டவில்லை.

இலங்கையிலும் இதே ஒளிவு நடந்தது, வேறு காரணத்தால். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வழிவந்த சைவப் பற்றாளர்கள், சமண வணிகக் குடும்பத்துப் பெண்ணைச் சைவர் கும்பிடுவதா என்று எதிர்த்தார்கள். அங்கே பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. மட்டக்களப்புப் பக்கம் அது எடுபடவில்லை. வைகாசியில் கதவு திறந்து, ஏடு படித்து, குளிர்த்தி பாடி முடிக்கும் கண்ணகை அம்மன் சடங்கு அங்கே இன்றும் ஊரையே கட்டிப் போடுகிறது. அவர்கள் படிக்கும் ஏட்டின் பெயர் கண்ணகி வழக்குரை. கற்பு என்ற சொல்லைத் தலைப்பில் வைக்காமல் வழக்கு என்ற சொல்லை வைத்த அந்த மக்களை நான் வணங்குகிறேன். சிங்களவரோ பெயரை விட்டுவிட்டுப் பத்தினி என்ற பட்டத்தையே தெய்வப் பெயராக்கிக் கொண்டார்கள்.

தொட்டிலுக்குப் பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டில், அதுவும் நாற்பதுகளுக்குப் பிறகு. 1942இல் பி.யூ. சின்னப்பாவும் பி. கண்ணாம்பாவும் நடித்த கண்ணகி படம் இளங்கோவனின் வசனத்தோடு வந்து, அரசவையில் பெண் நின்று பேசுவதை ஊர் ஊராகக் கேட்க வைத்தது. ம.பொ. சிவஞானம் மேடை மேடையாகச் சிலம்பைப் பேசிச் சிலம்புச் செல்வர் ஆனார். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று குரல் எழுப்பியவர்களில் அவருடைய தமிழரசுக் கழகமும் உண்டு. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அந்த வட்டங்கள் கேரளத்தில் நின்றன; பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபாரிலிருந்து கேரளத்துக்குப் போனது. எல்லை கோடாகிவிட்ட பிறகு, அந்தப் பக்கத்துத் தமிழருக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது முன்னைவிடக் கூடுதல் அர்த்தமுள்ளதாயிற்று.

பாரதிதாசன் 1962இல் கண்ணகி புரட்சிக் காப்பியம் எழுதினார். கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் 1964இல் பூம்புகார் படம் வந்தது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலம்பேந்திய கண்ணகி சிலை எழுந்தது. கட்சிக் கூட்டங்களில் தலைவர்கள் கையில் குழந்தையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லும் வழக்கம் பரவிய காலம் அது. கயல்விழி, தமிழ்ச்செல்வி, மணிமேகலையோடு கண்ணகியும் வந்தாள். தாத்தா காலத்துக் கைம்மைப் பயத்தைத் தகப்பன் காலத்து மொழிப்பற்று வென்றது. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் வானொலியும் கொட்டகையும் கட்சிக் கொடியும் அந்தப் பெயரைக் கொண்டு சேர்த்தன.

அதே இயக்கத்தின் மூலவரான பெரியார் கண்ணகியை ஏற்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. சிலப்பதிகாரத்தைப் பெண்ணடிமையும் மூடநம்பிக்கையும் நிறைந்த கதை என்று கடுமையாகச் சாடினார். கணவன் கெட்டலைந்தபோது வாய் திறக்காதவள், அரசன் தவறியதற்கு ஊரையே எரித்தாள் என்பது அவர் வழியில் வந்தோரின் குற்றச்சாட்டு. முதல் பாதி உண்மை. புகாரில் கண்ணகி பேசியது மிகக் குறைவு. ஆனால் பேசாதிருந்தவள் பேசத் தொடங்கியதுதான் இந்தக் கதை. பத்தினிப் பட்டத்தைக் கொடுத்து அவளைப் பீடத்தில் உட்கார வைத்தவர்கள்தான் வழக்காடியவளை மறக்கடித்தார்கள். 2001 டிசம்பரில் கடற்கரைச் சிலை அகற்றப்பட்டபோது எழுந்த கொதிப்பையும், 2006 ஜூன் 3இல் அது திரும்ப நிறுவப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சியையும் பார்த்தால், மக்கள் மனதில் இருந்தது சிலம்பைத் தூக்கிக் காட்டிய அந்தக் கை என்றே தோன்றுகிறது.

இடுக்கியில் பேசிய பெண்கள் வேறு பெயர்களில் இருந்தார்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதமாக இருந்த போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதற்கு எதிரான போராட்டம் அது. பெண்கள் ஒற்றுமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்; மலையாளப் பத்திரிகைகள் பெம்பிளை ஒருமை என்றன. ஒன்பது நாளில், 8.33 சதவீதம் போனசும் 11.67 சதவீதம் கருணைத் தொகையுமாக அதே 20 சதவீதத்தை வாங்கிவிட்டார்கள். முன்னணியில் நின்றவர்கள் கோமதி, லிசி, இந்திராணி. தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் ஊர்த் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துச் சொந்த மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைக் கோமதி என்ற ஒரு பெயரே காட்டுகிறது. சங்கரன்கோவில் அம்மனின் பெயர் அது. அருகிலிருக்கும் மலையின் தெய்வத்தை அவர்கள் கும்பிட்டார்கள், பெயரை மட்டும் கீழேயிருந்து கொண்டுவந்தார்கள்.

இன்று பெயர் மறுபடி பின்வாங்குகிறது. எல்லை ஊர்ப் பள்ளிகளில் இப்போது படிக்கும் பெண் பிள்ளைகளிடம் ஷ, ஸ்ரீ சேர்ந்த குட்டிப் பெயர்கள் நிறைய. மலையாள வழியிலும் ஆங்கில வழியிலும் படிக்கப் போகிற பிள்ளைக்கு இரு பக்கமும் பொருந்தும் பெயர் வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அதில் தவறு காண மாட்டேன். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்ப்பவர்களும் எண்கணிதக்காரர்களும் மிச்சத்தை முடிவு செய்கிறார்கள். திரைப்படத்தில் பெயர் நிற்கிறது. மலையாளத்தில் ஜெயராஜ் 2001இல் இயக்கிய படத்தின் பெயர் கண்ணகி, அந்த நாயகியாக நந்திதா தாஸ் நடித்தார். தமிழில் 2023இல் நான்கு பெண்களின் கதையாக ஒரு கண்ணகி வந்தது. திரையில் நீதி கேட்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகப் படுகிறது, தொட்டிலில் இன்னும் கனக்கிறது.

எனக்கு ஆசை உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இந்தப் பெயர் மறுபடி வீடுகளுக்குள் வர வேண்டும். இரு மொழிக்காரரும் தங்களுடையது என்று சொல்லக்கூடிய பெண்பெயர்களில் இதைவிடப் பழையது எது? சேரநாட்டில் கோயில் கொண்ட சோழநாட்டுப் பெண், பாண்டிய நாட்டில் வழக்காடியவள். பெயர் வைத்தால் வாழ்க்கை அப்படி ஆகிவிடும் என்ற பயத்துக்கு மங்கலதேவி என்று மலை எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

வைக்கத் துணிகிற எல்லைக் குடும்பங்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆவணங்களில் இந்தப் பெயரின் கடைசி எழுத்தான 'கி'யை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதுகிறார்கள். கேரளத்தில் 'கே' போடுகிறார்கள். குமுளியில் பிறந்து கம்பத்தில் படித்து மறுபடி கேரளத்தில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றும் மூன்று விதமாக ஆகிவிட வாய்ப்பு உண்டு. பிறப்பைப் பதிந்து, பெயரைப் பிறகு சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணமும் கிடையாது. அதற்குள் எந்த எழுத்து என்று வீட்டில் பேசி முடிவு செய்து, பெயர் சேர்க்கும்போதே அதை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி வரைக்கும் அதையே எழுதுங்கள்.